நெல்வயலின் மூச்சும் நிலவுலகின் வெப்பமும்

கல்லூரியொன்றின் யூபிலி மலரிலே தமிழாசிரியன் எழுதப் புகுந்தால், சங்கப் புலவரைப் பற்றியோ காவியச் சுவை பற்றியோ எழுதுவான் என எதிர்பார்ப்பது இயல்பு. இங்கு எடுத்துக்கொண்ட பொருளோ மண். அதிலும் நெல்வயல் மண். அம்மண்ணிலிருந்து கட்புலனாகாது எழுந்து உலகுக்கு வெப்பமூட்டும் வாயுக்கள். அவற்றைக் குறைக்கும் வழிகள். இஃது அறிவியலாசிரியருக்கு உரிய பொருளன்றோ எனின், உரியதே. ஆயினும், மழைக்கென ஓர் அதிகாரமும் உழவுக்கென ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவரைப் படிப்பிக்கின்றவன், மழையையும் உழவையும் பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை. மேலும், இக்கரையோரத்திலே பிறந்து கல்வி கற்றவருட் பெரும்பாலார் நெல்லால் வளர்ந்தோர். அவர் உடுத்த சீருடையும் வாங்கிய புத்தகமும், பல வீடுகளில், சூடடித்த நெல்லை விற்ற பணத்தில் வந்தவையே. ஆகவே இப்பொருள் நம் எல்லோருக்கும் உரியது.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் அடுத்தடுத்து அமைந்து கிடக்கின்றன. இவ்வூர்களுக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கரைவாகுப் பற்று, சம்மாந்துறைப் பற்று, நிந்தவூர்ப் பற்று என்னும் பழம்பெயர்கள் இன்றும் வட்டைகளோடு சேர்த்தே வழங்குகின்றன. பட்டிப்பளை ஆறு என நம்மவரும் கல் ஓயா எனச் சிங்கள மக்களும் அழைக்கும் ஆற்றின் நீரே இவ்வயல்களுட் பெரும்பாலானவற்றுக்கு உயிர். 1949 இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தின்கீழ் இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரம் உருவாகியது. அதன் பின்னர் சிறுபோகமும் நிலைபெற்றது. நெல்லில் முன்னிற்கும் மாவட்டங்களுள் ஒன்றாக அம்பாறை விளங்குவதற்கு இதுவே அடிப்படை.

இத்துணை நீரும் இத்துணை வயலும் உள்ள இடத்திலே, வயல் வெளிவிடும் மூச்சைப் பற்றி எண்ணுவது கடமையாகின்றது.

வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்கள்

சூரிய ஒளி வளிமண்டலத்தை ஊடறுத்து நிலத்தை அடைகின்றது. சூடேறிய நிலம் அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேல்நோக்கி விடுகின்றது. வளிமண்டலத்தின் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் இக்கதிரைத் தடுப்பதில்லை. ஆனால் நீராவி, காபனீரொட்சைட்டு முதலிய சில வாயுக்கள் அதனை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் கீழ்நோக்கி அனுப்புகின்றன. ஜோன் தின்டல் என்னும் அறிஞர் 1859 இல் இவ்வுண்மையைச் சோதனைச்சாலையில் அளந்து காட்டினார். பச்சைவீட்டு வாயுக்கள் என இவற்றை இன்று வழங்குகின்றோம். அளவோடு இருக்கையில் இவை உலகைக் காக்கும் போர்வை. அளவு மிகும்போது அப்போர்வை தடித்துவிடுகின்றது.

வாகனமும் ஆலையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டே இவற்றுள் முதன்மையானது. எனினும் வேளாண் நிலத்தைப் பொறுத்தவரை வேறு இரண்டு வாயுக்கள் பெரிதும் கவனத்துக்குரியன. ஒன்று மெதேன், மற்றையது நைதரசு ஒட்சைட்டு. நூறாண்டுக் காலத்தை அளவாகக் கொண்டால், ஒரு கிலோ மெதேன் ஏறத்தாழ 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பத்தைத் தங்கவைக்கின்றது. ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டோ ஏறத்தாழ 273 கிலோவுக்குச் சமம். மெதேன் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளிற் சிதைந்து போகும். நைதரசு ஒட்சைட்டு நூறாண்டுக்கு மேலாக நிலைக்கும். மெதேனைக் குறைத்தால் அதன் பயனை நம் வாழ்நாளிலேயே காணலாம் என்பதை இங்கு மனத்திற் கொள்க.

இவ்வெப்பம் நமக்கு எட்டாத செய்தியன்று. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகின்றது. ஆகவே பெய்யும் மழை ஒரேயடியாகக் கொட்டும் மழையாக மாறும் இயல்பு மிகுகின்றது. 2024 நவம்பரில் வந்த வெள்ளத்தில், காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில் உழவு இயந்திரப் பெட்டியில் வீடு திரும்பிய மாணவர்களை நீர் அடித்துச்சென்ற துயரை இக்கரையோரம் மறக்கவியலாது. ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் கூறுதல் முறையன்று. ஆயினும், வெள்ளமும் வறட்சியும் கடலரிப்பும் முதலிலே தாக்கும் இடங்களுள் நம் இடமும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

சேற்றினுள் நிகழ்வது

மேட்டு நிலத்தில் மண்துகள்களின் இடையே காற்று நிற்கும். வயலில் நீர் கட்டியதும் அவ்விடைவெளிகளை நீர் நிரப்பிக்கொள்கின்றது. காற்றினூடே பரவும் வேகத்திற் பதினாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே ஒட்சிசன் நீரினூடே பரவும். ஆதலாற் சில நாட்களுக்குள் சேற்றில் ஒட்சிசன் தீர்ந்துவிடுகின்றது. ஒட்சிசனைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் ஓய, அஃதின்றி வாழும் நுண்ணுயிர்கள் தொழில் தொடங்குகின்றன. அவை தாள், வேர், வைக்கோல் முதலிய சேதனப் பொருளைச் சிதைக்கும்போது ஒட்சிசனுக்குப் பதிலாக முதலில் நைத்திரேற்றையும், அதன்பின் மங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் சேர்வைகளையும், அதன்பின் சல்பேற்றையும் பயன்படுத்துகின்றன. இவை யாவும் குறைந்த பின்னரே மெதேனை ஆக்கும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன.

இவ்வொழுங்கைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். நீரை இறக்கி மண்ணிற் காற்றைப் புகவிட்டால், இரும்பும் சல்பேற்றும் மீண்டும் புதுப்பிக்கப்படுகின்றன. பின்னர் மறுபடி நீர் கட்டினாலும், அவை தீரும் வரை மெதேன் ஆக்கம் தடைப்பட்டு நிற்கும். சில நாள் காய்ச்சல் பல நாள் மெதேனைத் தடுப்பதன் இரகசியம் இதுவே. கடல்நீர் கலந்து சல்பேற்று மிகுந்த களப்போர வயல்களில் இயல்பாகவே மெதேன் குறைந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

சேற்றில் கால் வைக்கும்போது எழும் குமிழிகளில் மெதேன் உண்டு. அலெசாந்திரோ வோல்ற்றா என்னும் இத்தாலிய அறிஞர் 1776 இல் மாகியோரே ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேர்த்து, அவை எரியும் தன்மை உடையன எனக் கண்டார். ஆயினும் வயலிலே குமிழி வழியாகச் செல்வது சிறு பகுதிதான். நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. நீருள் நிற்கும் வேருக்கு ஒட்சிசனைக் கொண்டு செல்வதற்காக இயற்கை அமைத்த வழி அது. அதே வழியாக மெதேன் மேலேறி வந்துவிடுகின்றது. வயலிலிருந்து வெளிப்படும் மெதேனிற் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு இவ்வாறு பயிரினூடாகவே செல்கின்றது. நெற்பயிர் ஒரு புகைபோக்கியாகவும் தொழில் புரிகின்றது எனலாம்.

யூரியா செல்லும் வழி

மெதேன் நீரால் வருவது. நைதரசு ஒட்சைட்டு பசளையால் வருவது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஐம்பது கிலோ கொண்ட மூடையில், அஃதாவது நம்மவர் வழக்கில் ஓர் அந்தரில், 23 கிலோ நைதரசன் இருக்கின்றது. பயிர் உண்பது போக எஞ்சியதன் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றிற் கலக்கும். ஒரு பகுதி நீரோடு கழிந்தோடும். ஒரு சிறு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைதரசு ஒட்சைட்டாக மாற்றும்.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான அறிஞர் குழு 2019 இல் வெளியிட்ட பொது அளவின்படி, இடையறாது நீர் நிற்கும் வயலில் இட்ட நைதரசனில் ஆயிரத்துக்கு மூன்று பங்கும், நீரை இடையிடையே இறக்கும் வயலில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கும் இவ்வாறு மாறுகின்றன. பங்கு சிறிது, வலிமை பெரிது. கணக்கிட்டுப் பார்த்தால், முதலாவது வயலில் ஒரு மூடை யூரியா ஏறத்தாழ 30 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வெப்பத்தையும், இரண்டாவதில் ஏறத்தாழ 50 கிலோவுக்குச் சமமான வெப்பத்தையும் விளைக்கின்றது.

இங்கே ஓர் இக்கட்டு தோன்றுகின்றது. நீரை நிறுத்தினால் மெதேன்; நீரை இறக்கினால் நைதரசு ஒட்சைட்டு. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இதற்கு விடை பின்னர் வரும்.

ஏழை உழவன் மீது பழியா?

அதற்கு முன், பலர் மனத்தில் எழும் ஒரு வினாவைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செல்வ நாடுகளின் ஆலைகளும் ஊர்திகளும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புகை கக்கின. இரண்டு ஏக்கர் வயலில் சோற்றுக்கு நெல் விளைவிப்பவனை நோக்கி, நீ உலகைச் சூடாக்குகின்றாய் என்பது நீதியா?

இவ்வினா முன்னரும் எழுந்தது. 1990 அளவில் வெளிநாட்டுக் கணக்கொன்று இந்திய வயல்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 370 இலட்சம் தொன் மெதேனை விடுவதாகக் கூறியது. இந்திய அறிஞர் அதனை அப்படியே ஏற்கவில்லை. ஏ. பி. மித்ரா அவர்களின் தலைமையில், தேசிய பௌதிக ஆய்வுகூடம் 1991 இல் பல மாநிலங்களில் வயலிலேயே அளவெடுத்தது. கண்ட அளவு ஏறத்தாழ 40 இலட்சம் தொன் மட்டுமே. ஒன்பதில் ஒரு பங்கு! அளக்காமற் பழி சுமத்தல் ஆகாது என்பதை உலகம் அன்று கற்றது. அதே ஆண்டில், உயிர்வாழ விடும் புகையையும் ஆடம்பரத்துக்கு விடும் புகையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என அனில் அகர்வாலும் சுனிதா நாராயணனும் வாதிட்டனர்.

ஆகவே உழவன் குற்றவாளியல்லன். ஆனால் அதுகொண்டு இப்பேச்சைக் கைவிட்டுவிடவும் இயலாது. மனிதனால் வெளிப்படும் மெதேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உலக நெல்வயல்களிலிருந்து வருகின்றது என்பது உண்மை. அதனைக் குறைக்கும் வழிகள் உழவனுக்கு நீரையும் யூரியாவையும் மிச்சப்படுத்தும் வழிகளாகவும் அமைந்திருப்பது நற்பேறு. பிறர் கடனைத் தீர்க்க வேண்டியதில்லை. நம் நன்மையை நாம் நாடினால் உலகுக்கும் நன்மை விளைகின்றது.

நீரை இறக்கி ஏற்றும் முறை

நெல் நீரை விரும்பும் பயிர். ஆனால் எந்நேரமும் நீருள் நிற்க வேண்டிய பயிரன்று. வயலில் நீர் நிறுத்துவதன் முதற்பயன் களையை அடக்குதல். கோரையும் பன்றிநெல்லும் தலையெடுக்கும் தொடக்க வாரங்களில் நீர் நிற்கவே வேண்டும். அதன்பின் நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினாற் போதும். யப்பானிய உழவர் பருவத்தின் நடுவில் வயலைக் காயவிடும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்துள்ளனர். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதனை எளிய ஒழுங்காக வகுத்துத் தந்துள்ளது.

ஓரடி நீளமும் நான்கு முதல் ஆறு அங்குல அகலமும் உள்ள குழாய் ஒன்று வேண்டும். பீ.வீ.சீ. குழாயாகவோ மூங்கிலாகவோ இருக்கலாம். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அப்பாதியை வரம்பருகே மண்ணுள் இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை அகற்றிவிட வேண்டும். வயலில் நீர் வற்றினாலும் மண்ணினுள் நீர் எந்த மட்டத்தில் நிற்கின்றது என்பதைக் குழாயினுள் நோக்கி அறியலாம். மேற்பரப்பிலிருந்து அரையடி ஆழத்துக்கு நீர் இறங்கும் வரை பயிருக்கு இடரில்லை. வேர் அங்கிருந்து நீரைப் பெற்றுக்கொள்ளும். அரையடிக்கு இறங்கியதும் இரண்டங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்ச வேண்டும். விதைத்த பின் களை அடங்கும் வரை, ஏறத்தாழ மூன்று வாரம், இம்முறையைத் தொடங்கலாகாது. பூக்கும் காலத்திற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலைக் காயவிடலாகாது. அக்காலத்தில் நீர் குறைந்தால் மணி பதராகும்.

இம்முறையால் நூற்றுக்கு முப்பது பங்கு வரை நீர் மிஞ்சும் என அந்நிலையம் கூறுகின்றது. வாயுக் கணக்கையும் பார்ப்போம். மேற்கூறிய அறிஞர் குழு தெற்காசிய வயல்களுக்குத் தந்த பொது அளவின்படி, இடையறாது நீர் நின்றால் ஒரு ஹெக்டேயர் வயல் நாளொன்றுக்கு 0.85 கிலோ மெதேனை விடும். நூறு நாட்களுக்கு 85 கிலோ. ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 34 கிலோ. அது 920 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். பலமுறை நீரை இறக்கினால் இது நூற்றுக்கு 55 பங்காகக் குறையும். அஃதாவது ஏக்கருக்கு 410 கிலோவுக்குச் சமமான வெப்பம் மிச்சம். இனி, ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா இட்டால், நீரை இறக்குவதாற் கூடும் நைதரசு ஒட்சைட்டு 40 கிலோவுக்குச் சமம். பத்து ரூபா வரவுக்கு ஒரு ரூபா செலவு. இக்கட்டு தீர்ந்தது, நீரை இறக்குவதே நன்று.

எனினும் எல்லா வயலுக்கும் எல்லாப் போகத்துக்கும் இஃது ஒத்துவராது. பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் தாழ்ந்த வட்டைகளில் நீரை இறக்குதல் இயலாத செயல். வாய்க்கால் நீரையே நம்பிய சிறுபோகமே இதற்கு உரிய காலம். களப்பையும் கடலையும் அண்டிய உவர்நிலங்களில், நன்னீர் இறங்கினால் உப்பு மேலேறும். அவ்வயல்களை இம்முறைக்கு உட்படுத்தலாகாது.

வைக்கோலும் பசளையும்

பெரும்போகத்தில் நாம் கைக்கொள்ளத்தக்கவை வேறு இரண்டு. முதலாவது வைக்கோல். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வயலிலேயே வரிவரியாகக் கிடக்கின்றது. அதைத் தீயிட்டால் புகையாகும். அதிலுள்ள நைதரசனும் புகையோடு போய்விடும். தீயிடாது, நீர் கட்டும் தறுவாயிற் சேற்றில் மிதித்துவிட்டாலோ, அது மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகும். நடுவழி ஒன்று உண்டு. சிறுபோக அறுவடை முடிந்ததும் வைக்கோலை உழுது மண்ணோடு கலந்து, பெரும்போக மழை வரும்வரை புழுதியாகக் காயவிடுதல். நீர் கட்டுவதற்கு முப்பது நாளுக்கு மேலாக முன்னரே கலந்துவிட்டால், காற்றிலே பெரும்பகுதி மக்கிவிடும். மெதேன் வெகுவாகக் குறையும். உரமோ மண்ணிலே தங்கும். முற்றாக மக்கச் செய்து கூட்டுப்பசளையாக இடுதல் இன்னும் சிறந்தது.

ஒரு பலம் புழுதி காற்பலமாகும்படி மண்ணைக் காயவிட்டால், பிடி எருவும் இடாமலே பயிர் செழிக்கும் என்பது வள்ளுவர் தரும் உழவு நுட்பம். அவர் மெதேனை அறிந்திலர். ஆயினும் மண்ணுக்குக் காற்று வேண்டும் என்பதை அறிந்திருந்த உழவர் மரபின் குரல் அது. நம் முன்னோரின் புழுதி விதைப்பிலும் அவ்வறிவு இருந்தது.

இரண்டாவது பசளை. யூரியாவை ஒரேயடியாக வீசாது, பயிர் கேட்கும் வேளையிற் பிரித்து இடவேண்டும். இலையின் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் இடுதல் எளிய வழி. நீர் நிற்கும் வயலில் யூரியாவை வீசினால் வெயிலில் அமோனியாவாகப் பறந்துவிடும். நீர் வற்றிய வயலில் இட்டு உடனே நீர் பாய்ச்சினால், யூரியா நீரோடு மண்ணுள் இறங்கி வேருக்குக் கிட்டும். நீரை இறக்கி ஏற்றும் முறைக்கு இது பொருத்தமான துணை. பெருமழைக்கு முன்னாளில் இடாதிருத்தலும் வேண்டும். இட்டால் வடிச்சல் வாய்க்காலுக்கே பசளை.

குறைத்தல் வேறு, தடுத்தல் வேறு என்பதை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது; நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. இடையில் நாடெங்கும் பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. பல வயல்களிற் பயிர் வெளிறி நின்றது. அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. சேதனப் பசளை நன்றே. ஆனால் மண் அதற்குப் பழக ஆண்டுகள் வேண்டும். போதிய அளவும் வேண்டும். ஒரே நாளிற் கட்டளையிட்டு மண்ணின் இயல்பை மாற்றவியலாது. அளந்து, பிரித்து, உரிய நாளில் இடுவதே உழவனையும் உலகையும் ஒருங்கே காக்கும் வழி.

வட்டை ஒன்றுபட்டாலன்றி ஆகாது

இதுவரை கூறியவை எளியனவாயின், ஏன் எங்கும் நடைபெறவில்லை? இங்கேதான் பொருளின் உயிர்நிலை இருக்கின்றது. வைக்கோலை உழுவதும் பசளையை அளப்பதும் தனியொருவர் கையில் உள்ளவை. நீரோ அப்படியன்று. ஒரு வாய்க்காலில் பலர் நீர் பெறுகின்றனர். பல இடங்களில் மேல்வயலினூடாகவே கீழ்வயலுக்கு நீர் வருகின்றது. கடைவயற்காரன் ஏன் வரம்பு முட்ட நீரைக் கட்டிவைக்கின்றான்? களைக்காக மட்டுமன்று, அடுத்த முறை நீர் வருமோ வராதோ என்னும் அச்சத்தால். அவ்வச்சம் தீராமல், குழாயை நட்டு நீரை இறக்கு என அவனிடம் சொல்வது வீண். மெதேனைக் குறைக்கும் மருந்து உரிய நாளில் தவறாது வரும் நீர்முறை ஒன்றே.

அது நடவாத கனவன்று என்பதற்குச் சான்று நம் பட்டிப்பளை ஆற்று நீரிலேயே இருக்கின்றது. கல் ஓயா இடதுகரைக் கால்வாயில், 1981 முதல், நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கூடி ஒரு முயற்சியை மேற்கொண்டன. அக்காலத்தில் அக்கால்வாய் நாட்டிலேயே மிகவும் சீர்கெட்ட நீர்த்திட்டங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றிருந்தது. இளம் அமைப்பாளர்கள் வயல்களிடையே தங்கி, ஒரு வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாகக் கூட்டினர். உழவர் தாமே சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீரைப் பங்கிட்டனர். மிஞ்சியதைக் கீழேயுள்ளோருக்கு விட்டனர். தலைப்பில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைப்புறத்தில் இருந்தோர் தமிழ் பேசுவோர். இனப்பகை மூண்டெழுந்த அந்த ஆண்டுகளிலும் அவர்கள் நீரைப் பங்கிட்டார்கள் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மிகுகின்றது. இதனை நோர்மன் அப்ஹொவ் என்னும் பேராசிரியர் 1992 இல் ஒரு நூலாகவே எழுதி உலகறியச் செய்தார். நெல்லுக்கு நீரைக் குறைத்து விளைவைக் கூட்டும் முறையொன்றைப் பிற்காலத்தில் உலகெங்கும் எடுத்துச் சென்றவரும் அவரே.

இன்று விவசாயிகள் அமைப்புகளுக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு. போகந்தோறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுகின்றது. விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் அக்கூட்டமே தீர்மானிக்கின்றது. அங்கே மற்றுமொரு தீர்மானம் சேர்ந்தாற் போதும்: ஒரு கண்டத்திலாவது, ஒரு சிறுபோகத்திலாவது, குழாய் நட்டு முறைவைத்துப் பார்ப்போம் என்பது. அவ்வயலின் விளைச்சலையும் அயல்வயலின் விளைச்சலையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தால், உழவரே தீர்ப்புக் கூறுவர். வியட்நாம் தன் மேகொங் பகுதியில் பத்து இலட்சம் ஹெக்டேயரில் வாயு குறைந்த நெற்செய்கையை 2030 க்குள் பரப்ப 2023 இல் முடிவெடுத்தது. நாம் ஒரு கண்டத்திலேனும் தொடங்கலாகாதா?

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இம்மலரைப் படிப்போருட் பலர் பொறியியலாளராகவும் விவசாயப் போதனாசிரியராகவும் ஆசிரியராகவும் விளங்குகின்றனர். அவருட் பலர் காணிச் சொந்தக்காரரும் ஆவர். போடியார் வயலிலே நின்று முல்லைக்காரனோடு பேசிய காலம் குறைந்துவிட்டது. வயலைக் குத்தகைக்கு விட்டு, போக முடிவில் நெல்லையோ பணத்தையோ பெற்றுக்கொள்வதே இன்று பலரது தொடர்பு. ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவன் மண்ணின் நாளையை எண்ணிப் பாடுபட வேண்டிய தேவை என்ன? வைக்கோலை எரித்தால் அவனுக்கு ஒருநாள் வேலை மிச்சம். மண் மெலிந்தால் நட்டம் சொந்தக்காரனுக்கு. ஆகவே குத்தகையைச் சில ஆண்டுகளுக்கு நீட்டி, எரிப்பதில்லை என்னும் நிபந்தனையை வைத்து, உழவுகூலியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளல் சொந்தக்காரர் செய்யத்தக்க அறம். நீர்ப்பாசனத் துறையில் உள்ளோர் சொன்ன நாளில் சொன்ன அளவு நீரைத் திறந்துவிட்டாற் போதும். உழவரின் அச்சத்தை அதைப்போலத் தீர்ப்பது வேறொன்றுமில்லை.

மாணவர்க்கும் பணி உண்டு. ஓரடிக் குழாயும் ஓர் அளவுகோலும் ஒரு கொப்பியும் போதும். வீட்டு வயலிலே நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், அக்குறிப்பு எந்த ஆய்வுகூடத்தின் குறிப்புக்கும் தாழ்ந்ததன்று. அளந்து அறிந்த உண்மையின் வலிமையை 1991 இல் இந்தியா உலகுக்குக் காட்டியது. நம் வட்டைகளின் மூச்சை நாமே அளந்து அறியும் நாள் வரவேண்டும்.

கல்லூரி நமக்கு எழுத்தையும் எண்ணையும் தந்தது. எழுத்தை நாம் போற்றியே வந்துள்ளோம். எண்ணைக் கொண்டு வரம்பிலே இறங்குவோமாக. நீரை அளந்து, பசளையை அளந்து, அயலவனோடு பங்கிட்டு விளைவிக்கும் நெல் குறையாது. உலகுக்கு நாம் ஏற்றும் வெப்பம் குறையும்.